நான்கு நாள் எடை

அத்தியாயம் பதினொன்று

தம்பி தன் சிறுநீரகத்தில் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் அதற்குச் 'சின்னவன்' என்று பெயர். சின்னவன் புது இடத்தில் பிழைக்க வேண்டுமானால் அக்காவின் உடம்பு தன் காவலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் காலையும் மாலையும் மாத்திரை. அப்படிக் காவல் தளர்ந்த உடம்புக்குள் ஏதோ ஒன்று புகுந்து நுரையீரலில் உட்கார்ந்துவிட்டது. காசநோயாக இருக்கலாம் என்று ஆரம்பித்த மருந்து பதினைந்து நாளாகியும் அதை அசைக்கவில்லை. சின்னவனைத்தான் அசைத்திருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு நுரையீரல் டாக்டரம்மா தனிமை அறைக்கு வெளியே வந்து தம்பியிடம் சொன்ன சேதி இது: மாலை ஐந்து மணிக்கு ஸ்டீராய்டு ஏற்றப் போகிறார்கள். பெரிய அளவில், மூன்று நாள் தொடர்ந்து.

தம்பி கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான். தோளில் லிப்ட் கம்பெனியின் கருவிப் பை. எட்டரைக்கே வேலையில் இருந்திருக்க வேண்டியவன்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஒன்றே கால் கூட இல்லாமல் இருந்தது, இரண்டை நெருங்கிவிட்டதாம். காசநோய் மாத்திரை, காவலைத் தளர்த்தும் மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். அளவைக் கூட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. உடம்பு சின்னவனை வெளியே தள்ளப் பார்க்கிறதோ என்று சந்தேகம். அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு, காவலை அது இன்னும் தளர்த்தும். ஊசி குத்தியோ குழாய் விட்டோ உள்ளே பார்த்துவிடலாம் என்றால், அவள் மூச்சு இருக்கும் நிலையில் உடம்பு அதைத் தாங்காது.

ஸ்டீராய்டு போட்டால் என்ன பயம் என்று கேட்டான் தம்பி.

"நெஞ்சுல இருக்கறது நான் நினைக்கிறது இல்லாம வேற ஏதாவதா இருந்தா, அதுக்கு நாமளே விருந்து வெச்ச மாதிரி ஆயிடும்," என்றார் டாக்டரம்மா. "அதனாலதான் நாலாவது தடவையா கேக்கறேன். கடந்த ஆறு மாசத்துல வெளியூர், வெளிநாடு, காடு, கட்டடம் இடிக்கிற இடம், எங்கயாவது போனாங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அக்கா இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி நான்காவது தடவையும் அவளைக் கேட்கவில்லை. பையிலிருந்து நீல நோட்டை எடுத்தான்.

"எங்கக்கா வாசப்படி தாண்ட மாட்டா டாக்டர். இந்த ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு வர்றதோட சரி. நீங்களே பாருங்க."

அவன் மனைவி எழுதும் நோட்டு அது. அவள் பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர். காய்ச்சல், எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், போன சிறுநீர், போன இடம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஆறு கட்டம். கடைசிக் கட்டத்தில், செக்கப் நாள் தவிர, நான்கு வருடமாக வீடு, வீடு, வீடு, வீடு. இளம் டாக்டர்களைக் கூப்பிட்டு, நோயாளி வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த நோட்டைத்தான் காட்டியிருக்கிறார் டாக்டரம்மா. நோயாளி மறப்பாள், பயத்தில் மாற்றிச் சொல்வாள். நோட்டு அப்படி இல்லை என்பது அவர் நம்பிக்கை.

எடை எந்த வேகத்தில் இறங்கியது என்று பார்க்க வேண்டும், கடைசி மூன்று மாதத்துக் கணக்கை மத்தியானத்துக்குள் அனுப்பச் சொன்னார். தம்பி தலையாட்டினான்.

போகும்போது கண்ணாடியைத் தட்டினான். இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்து, புருவத்தைத் தூக்கினான். சின்னவன் எப்படி இருக்கான்?

அக்கா கட்டை விரலைக் காட்டினாள்.

அவன் போய்விட்டான்.

*

அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். கூரையில் ஒரு விசிறி எந்நேரமும் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். அக்கா ஒரு மனிதருடைய வாயைப் பக்கத்தில் பார்த்துப் பதினைந்து நாள் ஆயிற்று. நர்ஸ் சிரிக்கிறாளா அலுத்துக்கொள்கிறாளா என்பதைக் கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் வரைபட அலுவலகத்தில் கோடு போட்டவள் அவள். மலையின் உயரத்துக்கு வளைகோடு, வற்றிய ஆற்றுக்கு விட்டுவிட்டு ஒரு நீலக்கோடு. தான் நடக்காத ரோடு எல்லாம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. இப்போது படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு ஒன்பது அடி. அதையும் நர்ஸைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். '4' என்று மட்டும் பதிந்து வைத்திருந்த எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

ஒன்பது நாளாக இப்படித்தான்.

*

பகல் பதினொன்றரை மணிக்குத் தம்பி ஒரு லிப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தான். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே, ஹெல்மெட் விளக்கு வெளிச்சத்தில். மேலே வடம், கீழே இருட்டு, கையெல்லாம் கிரீஸ். மூன்று தடவை துடைத்துவிட்டு நோட்டை எடுத்தான்.

பக்கம் பக்கமாகப் படம் பிடித்தான். ஐம்பத்தொன்று புள்ளி ஆறு. ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. மனைவியின் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. 'ஏழு'க்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவாள், ஒன்றோடு குழம்பிவிடக் கூடாதென்று.

ஒரு பக்கத்தில் கை நின்றது.

அந்த வாரம் அவனுக்கு நினைவிருந்தது. வெளியூரில் ஒரு புது லிப்டைப் பொருத்தப் போயிருந்தான். திங்கள் விடிகாலையில் கிளம்பினவன் வியாழன் ராத்திரிதான் திரும்பினான். கிளம்புகிற அவசரத்தில் மின்சாரம் பார்க்கிற மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. கடை திறந்திருக்காது. என்ன செய்தான்?

எடை பார்க்கும் மிஷினைக் கவிழ்த்து, அதன் அடியிலிருந்த சதுர பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்து பையைக் கூட இறக்காமல் அதை மறுபடி மாட்டினான். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் திட்டு வாங்குவது?

நோட்டில் திங்கள் ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. செவ்வாய் ஐம்பத்தொன்று புள்ளி ஐந்து. புதன் ஐம்பத்தொன்று புள்ளி மூன்று. வியாழன் ஐம்பத்தொன்று புள்ளி நான்கு.

பேட்டரி இல்லாத மிஷின் நான்கு நாள் எடை காட்டியிருக்கிறது.

கூண்டின் மேல் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கீழே யாரோ லிப்ட் எப்போது வரும் என்று கதவைத் தட்டினார்கள். அதை ஓடவிட்டுத்தான் அவனால் அங்கிருந்து கிளம்ப முடியும்.

*

பள்ளிக்கூட லேபில் அவன் மனைவி சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பிப்பெட், சொட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய். தப்பாக ஒரு சொட்டு கூட விழாது என்பதால்.

வேலை நேரத்தில் புருஷன் வந்து நின்றதும் அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். அவன் நோட்டை விரித்து, அந்தப் பக்கத்தில் கிரீஸ் விரலை வைத்தான். பேட்டரிக் கதையைச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அந்த நாலு நாள் அண்ணி வீட்ல இல்லீங்க," என்றாள்.

"எங்க போனா?"

"அவங்க கூட வேலை பார்த்தவங்க வீட்டுக்கு. அடுத்த தெருவுல இருக்காங்களே, அவங்க வீட்டுக்கு. 'நாலு நாள் வேற சுவரப் பார்த்துட்டு வரேன், அவன்கிட்ட சொல்லாத'ன்னாங்க. மாத்திரையெல்லாம் எண்ணிக் குடுத்தேன். நீங்க ஊர்ல இருந்தா விட மாட்டீங்க."

"சரி, போனா. நீ ஏன் எழுதின?"

அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து, மூடினாள்.

"கட்டம் காலியா இருந்தா நீங்க கேப்பீங்க. பொய் எழுதற பிள்ளைங்க நாலு நாளும் ஒரே நம்பரப் போடும். நான் கூட்டிக் குறைச்சுப் போட்டேன். பார்க்காத அளவ எழுதாதேன்னு தினம் இங்க நின்னு கத்தறவ நான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அந்த நாலு நாள் நானும் அஞ்சரைக்கு எழுந்திருக்கலீங்க. யாருக்கும் ஜுரம் பார்க்கல. தூங்கினேன்."

நான்கு வருடத்தில் அவள் தூங்கினாளா என்று அவன் கேட்டதில்லை.

அடுத்த தெருதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவன் தேற்றிக்கொண்டிருந்தபோதே, அவள் அந்தத் தோழிக்குப் போன் போட்டாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. தோழி அக்காவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறதாம். நல்லா இருக்காளா என்று அவள்தான் திருப்பிக் கேட்டாளாம்.

மணி மூன்று பத்து.

*

"வேஷம் நல்லா இருக்குடா," என்றாள் அக்கா. நீல அங்கி, கையுறை, முகக்கவசத்தோடு தம்பி இரண்டாவது கதவைத் தாண்டி உள்ளே வந்திருந்தான். ஐந்து நிமிடம்தான் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மனைவி, பள்ளிக்கூட மேலங்கியைக் கூடக் கழற்றாமல் நின்றாள். ஐந்து மணிக்கு ஏற்ற வேண்டிய மருந்து ஏற்கெனவே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பி உட்காரவில்லை.

"அந்த நாலு நாள் எங்க இருந்த?"

அக்கா கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அது போதுமாக இருந்தது.

"அவளத் திட்டாத. அவளுக்கும் பொய்தான் சொன்னேன்."

அதற்குமேல் அவள் சொன்னது மூச்சு வாங்கி வாங்கி, துண்டு துண்டாக வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் அவள் ஒரு வரைபடம் வரைந்தாள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சுண்ணாம்பு மலை, அதற்குள் போகும் ஒரு குகை. அளந்தவர்கள் கொடுத்த குறிப்பை வைத்து மலைக்குள்ளே புள்ளிக்கோடு போட்டவள் அவள். டயாலிசிஸ் காலத்தில் வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், அந்தக் குகையைப் பற்றித்தான் பேசுவாள். கேட்பவர் பக்கத்து நாற்காலிக்காரர். அவள் மூன்றாம் நாற்காலி, அவர் நாலாம் நாற்காலி. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில், வீட்டில் அவர் ஒருத்தர். ரெண்டு பேருக்கும் கிட்னி கிடைத்தால் குகைக்குப் போவது என்று பேச்சு.

கிடைத்தது. இவளுக்குத் தம்பியுடையது. அடுத்த மாதமே அவருக்கு, இறந்துபோன யாரோ ஒருவருடையது. இருவருக்கும் உடம்பு தேறியது. அதோடு நாற்காலி போயிற்று, பேச்சும் போயிற்று.

"குணமானதும் எனக்குப் பேச ஆளில்லாம போச்சுடா," என்றாள். "சிரிக்காத. நெஜம்."

அவன் சிரிக்கவில்லை.

தம்பி வெளியூர் போகிற வாரம் தெரிந்ததும் அவரைப் போனில் கூப்பிட்டாள். ராத்திரி ரயில், அப்புறம் நாலு மணி நேர பஸ். குகைக்குள் இருட்டு. காலுக்குக் கீழே மண் மரத்தூள் மாதிரி மெத்தென்று இருந்ததாம். தலைக்கு மேலே ஆயிரக்கணக்கில் வௌவால். அடி வைக்க வைக்கத் தூள் பறந்தது.

"ரெண்டு பேரும் மாஸ்க்கக் கழட்டிட்டோம். நாலு வருஷம் கழிச்சு, சும்மா, துணி இல்லாம மூச்சு விட்டுப் பார்க்கணும்போல இருந்துது."

தம்பி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர் நாலு தடவ கேட்டாங்களே. ஏன் சொல்லல?"

"நாலு தடவையும் நீதானடா பதில் சொன்ன." அவளுக்கு இருமல் வந்தது. ஓய வெகுநேரம் ஆயிற்று. "நான் சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான். உன் முகத்தப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? உன் பொருள எடுத்துக்கிட்டு ஊர் சுத்தப் போனேன்னா? நீ தினம் சின்னவன் எப்படி இருக்கான்னு கேப்ப. நான் எப்படி இருக்கேன்னு கேட்டது அவர் ஒருத்தர்தான்."

விசிறி காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

தம்பி முகக்கவசத்துக்குள் மூக்கை உறிஞ்சினான். அதை அவள் பார்க்க முடியாது என்பது அவனுக்கு வசதியாக இருந்தது. கடைசியில் கேட்டான்:

"புள்ளிக்கோடு சரியா இருந்துதா?"

"இருபதடி தப்பு," என்றாள் அக்கா.

*

டாக்டரம்மா வந்தபோது நான்கு இருபது. நின்றபடியே கேட்டார். குகை என்றதும் பேனாவை மூடினார். வௌவால் என்றதும் கம்பியில் தொங்கிய மருந்தைத் தன் கையாலேயே கழற்றி நர்ஸிடம் கொடுத்தார்.

வௌவால் எச்சம் மக்கிய மண்ணில் ஒருவகைப் பூஞ்சை வளரும் என்றார். மண் கலைந்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாக மூச்சோடு உள்ளே போகும். நல்ல உடம்புக்காரர்களுக்குச் சளி மாதிரி வந்து போய்விடும், பல பேருக்கு வந்ததே தெரியாது. காவல் தளர்ந்த உடம்பில் அது நுரையீரலை விட்டு வெளியேயும் பரவும். எக்ஸ்ரேயில் பார்த்தால் காசநோய்க்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

"இதுவாத்தான் இருக்கும்னு இன்னும் சொல்ல மாட்டேன். யூரின்ல ஒரு டெஸ்ட் இருக்கு. இன்னிக்கே அனுப்பறேன். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம பூஞ்சை மருந்த ஆரம்பிச்சுடலாம். அது கிட்னியையும் கொஞ்சம் படுத்தும், பார்த்துப் பார்த்துத்தான் குடுக்கணும்." நோட்டை ஒரு தரம் பார்த்தார், தம்பி மனைவியை ஒரு தரம் பார்த்தார். "நானும் இந்த நோட்டப் படிச்சேனே தவிர, உங்கள வெளிய அனுப்பிட்டு இவங்களத் தனியா கேட்டிருக்கணும்."

கதவு வரை போனவர் திரும்பினார்.

"கூட வந்தவரும் மாஸ்க்கக் கழட்டினாருன்னீங்க. அவர் எங்க பார்க்கறார்?"

அக்கா தலையணைக்கு அடியில் கையை விட்டாள். போனை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். '4'. ஒன்பது நாள், இருபத்தேழு அழைப்பு. எதற்கும் பதில் இல்லை.

"இதுக்குத்தான் இன்னிக்குச் சொன்னேன்," என்றாள். "எனக்குன்னா சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ."

வீடு எங்கே என்று தம்பி கேட்டான். அவளுக்குத் தெரியாது. நாற்காலி எண் தெரியும், குரல் தெரியும். டயாலிசிஸ் சென்டரில் கேட்கலாம் என்றால், இன்றைக்கு அங்கே வார விடுமுறை. தம்பி கையுறை விரலால் அழைப்பை அழுத்தி, ஒலியைக் கூட்டிவைத்தான்.

மணி அடித்தது. ஆறாவது தடவை அடிக்கும்போது யாரோ எடுத்தார்கள்.

பேச்சு இல்லை. இருமல் மட்டும். அக்காவின் இருமல் மாதிரியே, அடியிலிருந்து வரும் வறண்ட இருமல்.

"மூணாம் நாற்காலி பேசறேன்," என்றாள் அக்கா. "கேக்குதா?"

போன் எதன்மேலோ விழுந்த சத்தம். அதன்பிறகு ஒன்றுமில்லை, ஆனால் இணைப்பு அறுபடவில்லை. டாக்டரம்மா கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில், சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல, இரும்பு இரும்போடு உரசும் நீண்ட சத்தம். கடகடவென்று ஓடி, முடிவில் ஒரு தட்டு.

தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"லிப்டு," என்றான். "இழுத்து மூடற கம்பிக் கதவு. இந்த ஊர்ல இப்ப மூணே மூணு கட்டடத்துலதான் இருக்கு. மூணுக்கும் எண்ணெய் போடறவன் நான்."

மூன்றில் எது, எத்தனையாவது மாடி என்பது அவனுக்கும் தெரியாது. மனைவி கண்ணாடிக்கு வெளியே அவன் கருவிப் பையை ஏற்கெனவே தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேராகப் போனால் இரண்டு கட்டடத்தை ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

உள் கதவைத் திறந்தவன் நின்று திரும்பினான். வழக்கம்போலக் கை இடுப்புப் பக்கம் போயிற்று. பாதியில் இறங்கிவிட்டது.

"நீ எப்படி இருக்க?" என்றான்.

அக்கா போனைக் காதோடு ஒட்டிவைத்திருந்தாள். அங்கே இருமல் கேட்கிறதா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"திரும்பி வந்து கேளு," என்றாள். "போடா, சீக்கிரம்."